வைக்கோல் விட்டுச்சென்ற சிவப்பு: விறகுச் சூளைப் பாண்டங்களின் மேற்பரப்பு நிறத்தை நுண்ணோக்கியில் படிக்க ஒரு வழிகாட்டி

கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு எதுவும் பூசாமல் விறகுச் சூளையில் சுட்ட ஒரு ஜாடியை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் செங்கல் சிவப்பு, மறுபக்கம் சாம்பல் நிறம், தோளில் தேன் வழிந்தது போல ஒரு பளபளப்பு, அடியில் கறுப்பு. இதில் எந்த நிறத்தையும் யாரும் தீட்டவில்லை. மண்ணில் இருந்த இரும்பு, விறகுச் சாம்பலில் வந்த பொட்டாசியமும் கால்சியமும், சூளைக்குள் இருந்த காற்றின் அளவு, ஆறிய வேகம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது. அந்த வேலை நடந்த இடமோ மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். அதற்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த சூளையில் எதை மாற்றலாம் என்று சொல்ல முடியும்.

படிப்பதற்கு நல்ல மாதிரி, ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில் உள்ள இம்பே ஊரின் பிஸென் பாண்டம். அதில் ஹிடாசுகி என்று ஒரு அலங்காரம் உண்டு. பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க இடையில் நெல் வைக்கோலைச் சுற்றுவார்கள். வைக்கோல் எரிந்து போகும். அது தொட்ட இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு நிற்கும். ஒகயாமா ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெளிந்தது. வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் மேற்பரப்பை இளக்கி, ஏறத்தாழ 50 மைக்ரான் (0.05 மி.மீ.) தடிமனுள்ள கண்ணாடிப் படலத்தை உண்டாக்குகிறது. அந்தக் குழம்புக்குள் முதலில் குருந்தம் என்ற அலுமினியம் ஆக்சைடு படிகமாகிறது. ஆறும்போது அதன் மேல் ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு ஒட்டி வளர்கிறது. இரண்டுக்கும் ஒரே படிக அமைப்பு என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்று எளிதாக உட்காரும். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று வழங்கும் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லில் இருந்து போனதுதான்.

வைக்கோலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை என்பதால் இதே மாதிரியை நீங்களே செய்து பார்க்கலாம். கீழே உள்ள படிகள் அந்தச் சிவப்புக் கோட்டை வைத்தே எழுதப்பட்டவை. மற்ற விறகுச் சூளை நிறங்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

சோதனை ஓடு தயாரித்தல்

இரும்பு ஆக்சைடு 2 முதல் 3 சதவீதம் உள்ள, அதிகச் சூட்டைத் தாங்கும் ஸ்டோன்வேர் மண் வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் வெளிறிய ஆரஞ்சோடு நின்றுவிடும். 5 சதவீதத்தைத் தாண்டினால் ஓடு முழுவதுமே செம்பழுப்பாகி, கோடு தனித்துத் தெரியாது. சாதாரணப் பானை மண் இந்தச் சூட்டில் உருகி உட்கார்ந்துவிடும் என்பதால் அதை வைத்து முயலாதீர்கள்.

5 செ.மீ. சதுரத்தில், 6 மி.மீ. தடிமனில் ஆறு ஓடுகள் செய்து 800 டிகிரியில் முதல் சூடு கொடுங்கள். நெல் வைக்கோலை இரவு முழுக்க நனைத்து, கட்டையால் தட்டி மென்மையாக்குங்கள். தட்டாத வைக்கோல் வளைந்து கொடுக்காமல் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டுமே மண்ணைத் தொடும். கோடும் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு ஓட்டிலும் இரண்டு சுற்றுச் சுற்றி, மூடியுள்ள மண்பெட்டிக்குள் வையுங்கள். பறக்கும் சாம்பல் உள்ளே விழுந்தால் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கே குழம்பிவிடும். 1230 முதல் 1250 டிகிரி வரை ஏற்றுங்கள்.

ஆறவிடும் வேகத்தில்தான் நிறம் இருக்கிறது. மூன்று ஓடுகளைச் சூளையின் இயல்பான வேகத்தில் ஆறவிடுங்கள். மற்ற மூன்றையும் தனிச் சூட்டில் வைத்து, உச்சத்தில் இருந்து 900 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆறியதில் ஹெமடைட் வளர நேரம் கிடைக்கும்; சிவப்பு அழுத்தமாக இருக்கும். பின்னால் நுண்ணோக்கியில் ஒப்பிட இந்த ஜோடி அவசியம்.

சூளையில் இருந்து வந்த உடைந்த சில்லுகளையும் பயன்படுத்தலாம். ஆனால் வயலிலோ மேட்டிலோ கிடைக்கும் பழைய ஓடுகளை எடுத்து வெட்டாதீர்கள். கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கீழடி, கொடுமணல், ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் மண்ணுக்குள் எந்த அடுக்கில் கிடந்தன என்பதே அவற்றின் பாதி வரலாறு. தொல்பொருட்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

எதை, எங்கே பார்ப்பது

ஒவ்வொரு ஓட்டிலும் மூன்று இடங்களைப் பென்சிலால் குறியுங்கள்: நிறம் உள்ள இடம், அதிலிருந்து 2 செ.மீ. தள்ளி நிறம் இல்லாத இடம், புதிதாக உடைத்த உட்புறம். இந்த மூன்றும் இல்லாமல் எடுக்கும் படம் வெறும் அழகுப் படம்தான். சிவப்பு இடத்தில் நீங்கள் காணும் குமிழி, விரிசல், கறுப்புப் புள்ளி எல்லாம் கோட்டுக்கே உரியவையா, மண்ணில் பொதுவாகவே இருப்பவையா என்று பக்கத்து இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். மேலே படிந்த சாம்பல் கிளேஸில் கால்சியம் அதிகம். நீர்த்த ஆசிட் கூட அதை அரித்து மங்கச் செய்யும். பிறகு அந்த மங்கலைச் சூளை தந்த நிறம் என்று நம்பிவிடுவீர்கள். கழுவிய பின் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்க் கறை பக்க வெளிச்சத்தில் வானவில் போல மின்னும்.

கருவி

தொடங்குவதற்கு 7 முதல் 45 மடங்கு வரை போகும் ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும். வெட்டுமுகம் பார்க்கும் கட்டத்தில், மேலிருந்து ஒளி விழும் உலோகவியல் நுண்ணோக்கி தேவைப்படும். பொறியியல் கல்லூரிகளின் உலோகவியல் ஆய்வகங்களில் அது இருக்கும். உயிரியல் ஆய்வகத்து நுண்ணோக்கி இதற்கு உதவாது. அதன் ஒளி கீழிருந்து ஊடுருவி வரும், நம் ஓட்டின் வழியே ஒளி போகாது.

கணினியில் சொருகும் யு.எஸ்.பி. நுண்ணோக்கியையும் பயன்படுத்தலாம், ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் '1000 மடங்கு' என்பதை நம்ப வேண்டாம். படத்தைப் பெரிதாக்குவதும் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவதும் வேறு வேறு. பிரித்துக் காட்டும் திறன் லென்ஸின் துளை எண்ணில் (லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) இருக்கிறது. துளை எண் 0.25 உள்ள 10 மடங்கு லென்ஸ் ஏறத்தாழ 1.1 மைக்ரான் வரை பிரிக்கும், 0.8 உள்ள 50 மடங்கு லென்ஸ் 0.35 மைக்ரான் அளவுக்குப் போகும். பளிச்சென்ற சிவப்பைத் தரும் ஹெமடைட் துகள்களில் பல 0.1 மைக்ரான் அளவிலானவை. அவற்றை ஒளி நுண்ணோக்கியில் தனித்தனியாகப் பார்க்கவே முடியாது. சிவப்பு மூட்டமாகத்தான் தெரியும். துகள் 1 மைக்ரானைத் தாண்டி வளர்ந்தால் நிறம் ஊதா கலந்த கருஞ்சிவப்பாக மாறும். நிறத்தைப் பார்த்தே துகள் பெரிதா சிறிதா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அளவுகோலை முதல் நாளே சரிசெய்யுங்கள். 1 மி.மீ. தூரத்தை 100 கோடுகளாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை ஒவ்வொரு லென்ஸிலும் படமெடுத்து, ஒரு மைக்ரானுக்கு எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் ஜூமைத் திருப்பினால் அந்தக் கணக்கு மாறிவிடும். அதனால் ஜூமை 10, 20, 40 என்ற நிலைகளில் மட்டும் நிறுத்திப் பழகுங்கள்.

வெளிச்சம்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். யு.எஸ்.பி. நுண்ணோக்கியின் முனையில் வட்டமாக இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் கண்ணாடிப் பரப்பில் எட்டு வெள்ளைப் புள்ளிகளாகப் பிரதிபலிக்கும். அவற்றைப் படிகம் என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு. ஓட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் ஓட்டோடு நகராமல் அதே இடத்தில் நின்றால் அவை விளக்கின் பிரதிபலிப்புதான்.

அந்த விளக்கை அணைத்துவிட்டு, நிறம் காட்டும் எண் (சி.ஆர்.ஐ.) 95-க்கு மேல் உள்ள, 5000 கெல்வின் எல்.இ.டி. ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். சாம்பல் அட்டையை அதே வெளிச்சத்தில் படமெடுத்து வெண்மைச் சமநிலையைப் பூட்டுங்கள், எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். கேமரா தானாகச் சரிசெய்ய விட்டால், சிவப்பு நிறைந்த காட்சியில் சிவப்பைக் குறைத்துக் காட்டும். வேகமாக ஆறியதும் மெதுவாக ஆறியதும் ஒரே நிறமாகத் தெரிந்து உங்கள் சோதனையே வீணாகும்.

ஒவ்வோர் இடத்தையும் நான்கு விதமாகப் படமெடுங்கள். முதல் படம் பரவிய ஒளியில்: பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி, மேலே லென்ஸ் பார்க்க ஒரு துளை போட்டு, ஓட்டின் மேல் கவிழ்த்து, வெளியில் இருந்து விளக்கடியுங்கள். நிறத்தை ஒப்பிட இந்தப் படம்தான். இரண்டாவது படத்துக்கு விளக்கை 10 முதல் 15 டிகிரி சாய்வில், ஏறக்குறைய தரையோடு வையுங்கள்; மேடு பள்ளம், சாம்பல் வழிந்த தடம், வெடித்த குமிழிக் குழி எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். மூன்றாவதற்கு விளக்கின் முன் ஒரு போலராய்டு தாளும் லென்ஸின் முன் இன்னொன்றும் வைத்து, ஒன்றைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மினுமினுப்பு முழுவதும் அணைந்து, கண்ணாடிக்கு அடியில் உள்ள நிறம் மட்டும் தெரியும்.

நான்காவது, ஒரு சொட்டுத் தண்ணீர். எளிமையானது, ஆனால் மிகவும் பயனுள்ளது. வெளிறிய, மங்கலான இடத்தில் சொட்டு வைத்து 20 மடங்கில் பாருங்கள். சொட்டுக்குள் நிறம் சட்டென்று ஆழமாகி, காய்ந்ததும் பழையபடி வெளிறினால் அந்த வெளுப்புக்குக் காரணம் சொரசொரப்பு: ஒளி மேற்பரப்பிலேயே சிதறுகிறது. ஈரத்திலும் வெளிறியே இருந்தால் அங்கே இரும்புப் படிகம் குறைவு அல்லது கண்ணாடிக்குள்ளேயே குமிழிகளோ வெள்ளைப் படிகங்களோ நிறைந்திருக்கின்றன. வெள்ளைப் பொடி சொட்டில் கரைந்து, காய்ந்தபின் சொட்டின் விளிம்பில் வளையமாகத் திரும்பி வந்தால் அது உப்பு. கரையாமல் கிடந்தால் சூளைத் தட்டுகளில் பூசிய அலுமினாப் பூச்சு ஒட்டியிருக்கலாம்.

வெட்டுமுகம் செய்தல்

மேலிருந்து பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிறம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது வெட்டினால்தான் தெரியும். தண்ணீர் ஓடும் மெதுவான வைர ரம்பத்தில், கோட்டுக்குக் குறுக்காக 10 மி.மீ. நீளத்துண்டு வெட்டுங்கள். உலர் வெட்டும் உலர் தேய்ப்பும் கூடவே கூடாது. சுட்ட மண்ணின் தூசியில் சிலிகா இருக்கிறது. நுரையீரலில் போனது திரும்பி வராது. பாதுகாப்புக் கண்ணாடியும் என்95 முகக்கவசமும் அணியுங்கள்.

மேற்பரப்பின் விளிம்பு தேய்ப்பில் உருண்டு போவதுதான் பொதுவான கேடு. நாம் பார்க்க வந்த 50 மைக்ரானும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஆகவே நிறமுள்ள முகத்தின் மேல் நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டு ஒன்றை எபாக்சியால் ஒட்டி, அது இறுகிய பிறகு 25 மி.மீ. அச்சில் துண்டை நிறுத்தி மெதுவாக இறுகும் எபாக்சியை ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை சூடாகிக் குமிழி விடும், துளைகளுக்குள்ளும் போகாது. ரெசினையும் ஹார்டனரையும் தராசில் எடைபோட்டுக் கலந்து, 24 மணி நேரம் விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் இன்னும் இறுகவில்லை. அந்த நிலையில் தேய்த்தால் மண்துகள் எபாக்சியில் புதைந்து எல்லா லென்ஸிலும் கீறலாகத் தெரியும்.

பிறகு வாட்டர் பேப்பர்: 240, 400, 600, 800, 1200. ஒவ்வொன்றிலும் தண்ணீரோடு, ஒரே திசையில் தேய்த்து, அடுத்ததில் 90 டிகிரி திருப்புங்கள். முந்தைய கீறல்கள் முழுக்க மறைந்தபின், அதே அளவு நேரம் இன்னும் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். இடையில் துண்டையும் கையையும் கழுவுங்கள். 240-இன் ஒரு மணல் 1200-இல் ஏறினால் மறுபடி தொடக்கம்தான். கடைசியில் 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை, ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. 1 மைக்ரானில் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். கடினமான குவார்ட்ஸ் மேடாக நின்று கண்ணாடி பள்ளமாகும்.

படலம் மிக மெல்லியதாக இருந்தால் சாய்வெட்டு உதவும். 10 மி.மீ. நீளத்துண்டை நிறமுள்ள முகம் கீழாக வைத்து, ஒரு முனைக்கு அடியில் 1 மி.மீ. தடிமனுள்ள துண்டைச் செருகி எபாக்சி ஊற்றுங்கள். தேய்க்கும்போது படலம் 5.7 டிகிரிச் சாய்வில் வெட்டுப்பட்டு, 50 மைக்ரான் 500 மைக்ரானாக விரிந்து தெரியும். அளந்ததைப் பத்தால் வகுத்தால் உண்மைத் தடிமன். வளைந்த பரப்பில் இந்தக் கணக்கு பொய்க்கும். தட்டையான ஓட்டில் மட்டும் செய்யுங்கள்.

என்ன தெரியும், எப்படி வாசிப்பது

மெருகேற்றிய வெட்டுமுகத்தை உலோகவியல் நுண்ணோக்கியில் முதலில் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரு வியப்பு காத்திருக்கும்: சிவப்பைக் காணோம். சாதாரண மேல்வெளிச்சத்தில் ஹெமடைட் சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் பளிச்சிடும். அது விழும் ஒளியில் 28 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடியும் குவார்ட்ஸும் 4, 5 சதவீதம்தான் அனுப்புவதால் இருண்டு கிடக்கும். குருந்தம் 8 சதவீதத்துக்கு அருகில். கண்ணாடியை விடச் சற்றே தெளிவாகத் தெரியும், கவனமாகப் பார்க்காவிட்டால் தவறிவிடும். இப்போது போலராய்டுகளைக் குறுக்காக வையுங்கள். வெள்ளையாக இருந்த இடங்களின் உள்ளிருந்து ரத்தச் சிவப்பு எழும். அந்தச் சிவப்பு ஹெமடைட்டின் அடையாளம். மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு 20 சதவீதம் அளவில் சற்று மங்கலான சாம்பலாக இருக்கும். குறுக்குப் போலராய்டில் இருண்டே கிடக்கும்.

சிவப்புக் கோட்டின் வெட்டுமுகத்தில் மேலே எபாக்சி, அடுத்து மெல்லிய கண்ணாடிப் படலம், அதற்குள் சிவப்பு மூட்டம், கீழே குவார்ட்ஸ் மணல் நிறைந்த மண். கோட்டில் இருந்து 2 செ.மீ. தள்ளிய இடத்தில் அந்தப் படலம் இருக்கக் கூடாது. அங்கேயும் இருந்தால் பெட்டிக்குள் சாம்பல் புகுந்திருக்கிறது அல்லது வைக்கோலின் பொட்டாசியம் ஆவியாகிப் பரவியிருக்கிறது. தடிமனைப் பத்து இடங்களில் அளந்து, சராசரியோடு குறைந்ததையும் கூடியதையும் எழுதுங்கள். வைக்கோல் அழுந்திய இடத்துக்கும் விளிம்புக்கும் இடையே தடிமன் மாறும்; நிறம் விளிம்பில் ஆரஞ்சாக வெளிறுவதன் காரணம் அதில் தெரியும்.

சாம்பல் விழுந்து உருகிய இடங்களில் படலம் தடித்து, குமிழிகளோடு இருக்கும். ஆக்சிஜன் குறைந்த சூளையில் இரும்பு கண்ணாடியில் கரைந்து நீலப்பச்சை சாயல் தரும். காற்று நிறைந்திருந்தால் தேன் மஞ்சள். ஒரே வழிசலில் மேலே மஞ்சளும் அடியில் பச்சையும் இருந்தால், சூளை கடைசியில் காற்றை உள்ளிழுத்திருக்கிறது.

கறுப்பில்தான் அதிகம் ஏமாறுவார்கள். அது கரியாகவும் இருக்கலாம், மேக்னடைட்டாகவும் இருக்கலாம். நூலில் கட்டிய சிறு நியோடைமியம் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். சாய்ந்து இழுபட்டால் மேக்னடைட் போன்ற காந்தத்தன்மையுள்ள பொருள் இருக்கிறது. அடுத்து, ஓட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மின்சூளையில் மணிக்கு 100 டிகிரி வீதம் ஏற்றி 800 டிகிரியில் ஒரு மணி நேரம் காற்றோட்டத்தோடு வையுங்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் விரியும் என்பதால் அவசரப்படாதீர்கள். திறந்த பரப்பில் உள்ள கரி எரிந்து வெளுக்கும். திறந்த பரப்பில் உள்ள மேக்னடைட் சிவக்கும். கறுப்பு அப்படியே நின்றால் அது கண்ணாடிக்குள் சிக்கிய கரி அல்லது கரைந்த இரும்பு. வெட்டுமுகத்தில் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கருப்பு-சிவப்புப் பானையின் கறுப்பு கரிதான் என்பதால், அந்த முறையில் இன்று புதிதாகச் சுட்ட ஓட்டில் இந்தச் சோதனையை முதலில் பழகிக்கொள்வது நல்லது.

ஒளி நுண்ணோக்கிக்கு மேல்

எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புவதாக இருந்தால், மெருகேற்றிய அதே துண்டுக்குக் கார்பன் பூச்சு கேளுங்கள். 15 கிலோவோல்ட்டில் தனிமப் பகுப்பாய்வு இரண்டு மூன்று மைக்ரான் அகல இடத்தைச் சேர்த்தே படிக்கும். அரை மைக்ரான் ஹெமடைட் துகளைக் குறிவைத்தாலும் சுற்றியுள்ள கண்ணாடியின் சிலிக்கனும் அலுமினியமும் கலந்துதான் வரும். இரும்பு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அது ஹெமடைட்டா மேக்னடைட்டா என்று சொல்லாது. அதற்கு, லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை வேண்டும்: வரைபடத்தில் 225, 292, 411 (அலகு செ.மீ.⁻¹) ஆகிய இடங்களில் முகடு இருந்தால் ஹெமடைட், 668-க்கு அருகில் என்றால் மேக்னடைட். லேசர் சக்தியை 1 மில்லிவாட்டுக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கூடினால் மேக்னடைட் அங்கேயே சூடாகி ஹெமடைட்டாக மாறிவிடும். 1320-இல் ஹெமடைட்டுக்கு ஓர் அகன்ற முகடு உண்டு. அதைக் கரியின் 1350 முகடு என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. கரியென்றால் 1580-க்கு அருகிலும் ஒன்று கூடவே நிற்கும்.

இந்த அளவுக்குப் போவதன் பலனுக்கு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து ஜியான் கிண்ணங்கள் சாட்சி. சோங் அரசமரபின் காலத்தில், மலைச்சரிவில் நீளமாகக் கட்டிய டிராகன் சூளைகளில் விறகால் சுட்ட அந்தக் கறுப்புக் கிண்ணங்களின் வெள்ளிப் புள்ளிகளில், மிக அரிதான எப்சிலான் இரும்பு ஆக்சைடு இருப்பது 2014-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. கண்ணால் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒவ்வொரு படத்தின் பெயரிலும் ஓட்டு எண், இட எண், லென்ஸ், வெளிச்ச வகை நான்கையும் எழுதுங்கள், உதாரணமாக 'ஓடு3-இடம்1-20மடங்கு-சாய்வு'. கூடவே ஒரு நோட்டில் மண்ணின் பெயர், உச்ச வெப்பம், ஆறிய வேகம், சூளைக்குள் பெட்டி இருந்த இடம். மெருகேற்றிய துண்டுகளைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். எபாக்சியின் பின்புறத்தில் வைர ஊசியால் ஓட்டு எண்ணைக் கீறிவிடுங்கள், மார்க்கர் மை ஆல்கஹாலில் அழிந்துவிடும்.